விலாவில் எழுபது, மணிக்கட்டில் நாற்பது

ஷரஃபுதீனுக்கு அந்த விக்கல் ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

“யாரோ நினைக்கிறாங்க” என்று தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள் அவர் மனைவி அஸ்மத்துன்னிசா.

“நினைக்கிற ஆளு எதிர்லயே உக்காந்திருக்கீங்க. வேற யாரு நினைக்கப் போறா?” என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு விக்கல் வந்தது.

மனைவியை அவர் இன்னும் ‘நீங்க’ என்றுதான் பேசுவார். கல்யாணமாகிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அவள் அவர் கடைக்கு வாடிக்கை. தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பட்டன், ஜிப், லைனிங் துணி, நூல்கண்டு விற்கும் கடை அவருடையது. அஸ்மத் மந்தைவெளியில் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள். வாரத்துக்கு ஒருமுறை வெட்டுத் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, நிறம் பொருந்துகிற நூல் வாங்க வருவாள். ஷரஃபுதீன் அந்தத் துண்டுகளைக் கடை வாசலுக்கு எடுத்துப் போவார். “டியூப்லைட் வெளிச்சத்தை நம்பக் கூடாது டெய்லரம்மா, வெயில்ல பார்த்துடலாம்” என்று ஒவ்வொரு கண்டாகத் துணிமேல் வைத்துப் பார்ப்பார். மற்ற வாடிக்கையாளர்கள் காத்திருந்தாலும் அவசரப்படமாட்டார்.

அவருடைய முதல் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. படுத்த படுக்கையாயிருந்த தாயைப் பார்த்துக்கொண்டே அஸ்மத்துக்குக் கல்யாண வயது தாண்டிப்போனது. தாயும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஒருநாள் நூலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, “ஒண்ணு கேக்கணும். பிடிக்கலைன்னா அடுத்த வாரமும் எப்பவும்போல கடைக்கு வரணும், அது மட்டும் வாக்கு குடுங்க” என்றார் ஷரஃபுதீன். அவள் வாக்குக் கொடுத்தாள். அடுத்த வாரமும் வந்தாள். பதிலும் சொன்னாள்.

அவருடைய ஒரே மகள் ஜஹீதா, புருஷனோடு வடபழனியில் இருந்தாள். நிக்காஹுக்கு வந்தாள், பிரியாணி சாப்பிட்டாள், சிரித்த முகமாகவே போனாள். ஆனால் அஸ்மத்தை அதற்குப் பிறகும் ‘டெய்லரம்மா’ என்றே கூப்பிட்டாள்.

ஜூலை மாதம் ஷரஃபுதீன் கடையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தபோது நிமிடத்துக்கு முப்பத்தாறுதான் இருந்தது. இதயத்துக்குள் துடிப்பைக் கொண்டுபோகிற பாதை பழுதாகிவிட்டது என்றார்கள். இடது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியை வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு சிஸ்டர் அஸ்மத்தை உட்காரவைத்து நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

“எழுபதுல செட் பண்ணியிருக்கோம். அதுக்குக் கீழ போகக் கூடாது. தினம் காலைல முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. ஆறு வாரத்துக்கு இடது கையத் தோளுக்கு மேல தூக்கவே கூடாது.”

அஸ்மத் அன்றைக்கே அவருடைய பனியன்களையெல்லாம் முன்பக்கம் வெட்டி, அழுத்துப் பட்டன் வைத்துத் தைத்துவிட்டாள், கையைத் தூக்காமலே மாட்டிக்கொள்ளும்படி. தினம் காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாடியை எண்ணுவாள். பன்னிரண்டு நாளும் எழுபது, எழுபத்தொன்று, எழுபது.

செவ்வாய்க்கிழமை வந்த விக்கல் புதன்கிழமையும் போகவில்லை. உட்கார்ந்தால் குறையும், படுத்தால் கூடும். விக்கல் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. பேசும்போது வார்த்தை நடுவில் உதறும். பேசாதபோது உள்ளே ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். சர்க்கரை தின்று பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். வியாழக்கிழமை காலை மந்தைவெளி மார்க்கெட் அருகில் இருக்கும் டாக்டர் அய்யாதுரையிடம் இருவரும் போனார்கள். இருபது வருடமாக அந்தத் தெருக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

“கேஸ்தான். வேலை வெட்டி இல்லாம சாப்பிட்டுட்டுப் படுத்தே இருக்கீங்க இல்ல, அதான். ஒரு சிரப் தரேன்.”

வெளியே வந்ததும், “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல” என்றார் ஷரஃபுதீன். அவர் குரலில் அத்தனை நிம்மதி. அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன?”

“ஒண்ணும் இல்ல. கண்ணு லேசா இருட்டிச்சு. படி கொஞ்சம் செங்குத்து.”

கல்யாணமாகி அவள் வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து பதினோரு மாதமாக அந்தப் படியில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை நாடி எண்ணியபோது ஐம்பத்தெட்டு வந்தது. நடுவில் நாடி விட்டுவிட்டு வந்ததால் தன் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று மறுபடி எண்ணினாள். அறுபத்திரண்டு. மூன்றாவது தடவை எண்ணக் கையை நீட்டியபோது, “போதும்மா, எண்ணி எண்ணி நீங்களே குறைச்சுடுவீங்கபோல” என்று கையை இழுத்துக்கொண்டார்.

அவள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வார்டுக்கு லைன் கிடைக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. எடுத்தது வேறு ஒரு சிஸ்டர்.

“விக்கலா? அதுக்கும் பேஸ்மேக்கருக்கும் சம்பந்தம் இல்லைங்க. நாடி புதுசா எண்ணறவங்களுக்குத் தப்பு வர்றது சகஜம். திங்கக்கிழமை ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க.”

ரிசீவரை வைக்காமலே வடபழனி நம்பரைச் சுழற்றினாள். ஜஹீதா எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

“அத்தாவுக்குக் கேஸ் எப்பவும் இருக்கிறதுதான் டெய்லரம்மா. அம்மா இருந்தப்பவும் இப்படித்தான் விக்கிட்டே இருப்பாரு. ஓமத்தண்ணி குடுப்பாங்க, சரியாயிடும். நீங்க புதுசு, அதான் பயப்படறீங்க.”

ஜஹீதா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அஸ்மத்துக்கு அதிகம் உறைத்தது. பூத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் ஓமத்தண்ணீரில் சரிப்படுத்தியிருக்கிறாள். தனக்கு அவருடைய உடம்பைப் பற்றி என்ன தெரியும்? எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை விடுவார் என்பதே போன ரம்ஜானுக்குத்தான் தெரிந்தது. அன்று ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அவரும் மறுக்காமல் குடித்தார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆடி மாதம், தெருக்கோடி அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்தே முழங்கிக்கொண்டிருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குத் தரவேண்டிய ஜாக்கெட்டுகள் மிஷின்மேல் குவிந்து கிடந்தன. மத்தியானத் தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்தபடி முடித்துவிட்டு ஷரஃபுதீன் பாயில் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தார். ஹூக் தைத்துக்கொண்டிருந்த அஸ்மத் நிமிர்ந்து பார்த்தாள். பனியனின் பட்டன்கள் திறந்திருந்தன. இடது விலா முடிகிற இடத்துக்குக் கீழே தோல் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில், ஒரே சீராக. விக்கல் இப்படி வராது. விக்கலுக்கு ஒரு நேரம் காலம் கிடையாது, திடீரென்று வரும், கொஞ்சம் விட்டு வரும். இது கூட்டாமல் குறைக்காமல் அடித்தது.

ஊசியைத் துணியில் குத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் கை வெச்சுப் பாக்கட்டுங்களா?”

இதைக் கேட்கும்போது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்க, அவர் உடம்பை அவள் தொட்டுப் பார்த்ததில்லை. அவர் சும்மா தலையை ஆட்டினார். அவள் உள்ளங்கையை விலாவுக்குக் கீழே வைத்தாள். கூண்டுக்குள்ளிருந்து ஒரு குருவி கொத்துவது மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு எழுபது.

பேஸ்மேக்கரில் வைத்திருப்பதாக வார்டு சிஸ்டர் சொன்ன அதே எண். விலாவிலிருந்து கையை எடுக்காமல், இன்னொரு கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அங்கே நாடி மெதுவாக, யோசித்து யோசித்து வந்தது. அதையும் ஒரு நிமிடம் எண்ணினாள். நாற்பது. மறுபடி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். விலாவில் இரண்டு தட்டு விழும்போது மணிக்கட்டில் சுமாராக ஒன்றுதான் வந்தது.

“எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“திங்கக்கிழமைதானே வரச் சொன்னாங்க?”

“உள்ள வெச்ச மிஷின் அடிச்சிட்டுத்தான் இருக்குது. ஆனா அது உங்க நெஞ்சுல அடிக்கல. வேற எங்கயோ அடிக்குது.”

இதைச் சொல்லும்போது தான் சொல்வது சரியா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் எண்ணியது தப்பில்லை என்று தெரியும். கீழ் வீட்டு ஜானுவிடம் வடபழனி நம்பரை எழுதிக் கொடுத்து, மகளுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை, ஒரு மாற்று வேட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தெருவில் கோயிலுக்கு முன்னால் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி நுழைய வழியில்லை. அவரைக் கைத்தாங்கலாக மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய் ஆட்டோவை நிறுத்தினாள். ஆட்டோக்காரர் ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னாமா, நைனாவுக்கு ஒடம்பு சரியில்லியா? எங்க போவணும்?”

“அடையாறுங்க. ஆஸ்பத்திரி. பள்ளம் பாத்துப் போங்க, ஆபரேஷன் பண்ண உடம்பு.”

“குந்துங்க. அலுங்காம இட்டுக்கினு போறேன்.”

ஆட்டோ ராஜா அண்ணாமலைபுரம் தாண்டியது. கிரீன்வேஸ் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, வெளியே பார்த்துக்கொண்டே ஷரஃபுதீன் சொன்னார்.

“ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“திங்கக்கிழமை நீங்க லஸ் கார்னருக்கு ஜாக்கெட் குடுக்கப் போனீங்கல்ல. அப்ப நான் ஆட்டோ பிடிச்சுக் கடைக்குப் போனேன்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தச் சந்தனக் கலர் பட்டுக்கு நூலு சரியா அமையலைன்னு ரெண்டு நாளாப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சுட்டிருந்தீங்க. கடையில கபாலிகிட்ட சொன்னா அவன் மஞ்சளைக் குடுத்து அனுப்புவான். அந்த நிறம் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். மேல்தட்டுல. கபாலி டீ குடிக்கப் போயிருந்தான். நானே...” விலாவின் துள்ளலில் வார்த்தை உடைந்தது. “நானே எடுத்தேன். வலது கையால தட்டைப் பிடிச்சுக்கிட்டு, இடது கையால.”

திங்கட்கிழமை அவள் லஸ்ஸிலிருந்து திரும்பியபோது மிஷின்மேல் அந்த நூல்கண்டு இருந்தது. கபாலி கொடுத்தனுப்பினான் என்றார். கடையில் வேலை பார்க்கிற கபாலிக்கு இவ்வளவு கண் தெளிந்துவிட்டதா என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

“எடுக்கும்போதே உள்ள சுருக்குனு ஒரு இழுப்பு. வெளிய சொன்னா நீங்க உங்க மேலதான் பழி போட்டுப்பீங்கன்னு...” அவர் நிறுத்தினார். “நூலு சேந்துச்சா?”

“அப்படியே சேந்துச்சுங்க” என்றாள் அஸ்மத். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடையாறு பாலத்தின் மேல் போகும்போது அவள் பிடித்திருந்த கை கனத்தது. தலை அவள் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்து, கண் பாதி திறந்திருந்தது. மணிக்கட்டில் தேடினாள். ஒன்றும் இல்லை. விலாவில் மட்டும் அந்தத் தட்டு சீராக விழுந்துகொண்டே இருந்தது.

“ஏங்க! ஏங்க, இங்க பாருங்க! யா அல்லாஹ்!”

“இன்னாமா ஆச்சு?” என்று ஆட்டோக்காரர் திரும்பினார். பிறகு ஹாரனை அழுத்தியபடி பஸ்ஸையும் லாரியையும் ஒதுக்கிக்கொண்டு பறந்தார். அலுங்காமல் போவதற்கெல்லாம் இனி நேரமில்லை. பாலம் முடிவதற்குள் மணிக்கட்டில் ஒன்று வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஷரஃபுதீன் நீளமாக மூச்சு விட்டுக் கண்ணை விழித்தார்.

“எங்க இருக்கோம்?”

“பாலத்துல. வந்துட்டோம். பேசாதீங்க.”

“நைனா முழிச்சிக்கினாரா?” என்றார் ஆட்டோக்காரர். “ஒண்ணியும் ஆவாது. தோ வந்துட்ச்சு பாரு.”

அவரே இறங்கி ஓடிப்போய் ஸ்ட்ரெச்சர் கேட்டு வாங்கி வந்தார். அஸ்மத் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது. அவளும் கூடவே ஓடினாள்.

கேஷுவாலிட்டியில் டியூட்டியில் இருந்தது ஹம்சினி என்ற இளம் டாக்டர். முப்பது வயது இருக்காது. அன்று எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டினாள், ஸ்டெதாஸ்கோப் வைத்தாள். தையல் போட்ட இடத்தை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய நாடி ஓரளவு சீராக இருந்தது.

“விக்கல்தான் தொந்தரவா? எத்தனை நாளா?”

“அஞ்சு நாளா. டாக்டர், வர்ற வழியில மயங்கிட்டாரு.”

“வெயில்ல வந்திருக்கீங்க. பி.பி. கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு டிரிப்ஸ் போட்டுப் பாக்கலாம். கேஸுக்கு ஒரு ஊசி...” என்று அடுத்த கட்டிலை நோக்கி நகர்ந்தாள் டாக்டர்.

அஸ்மத் யாரையும் மறித்துப் பேசிப் பழகாதவள். டெலிவரி தேதிக்கு முன்னால் வந்து சண்டை போடுகிற வாடிக்கையாளரிடம்கூடக் குரலை உயர்த்தமாட்டாள். அன்று அந்த டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்துவிட்டாள்.

“ஒரே நிமிஷம் டாக்டர். உங்க ஒரு கைய இங்க வைங்க. விலாவுக்குக் கீழ. இன்னொரு கையால நாடியப் பிடிங்க. ரெண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்க. இங்க எழுபது வருது. இங்க நாற்பது. நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

ஹம்சினி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் கையை வைத்தாள். ஷரஃபுதீனை இடதுபுறம் ஒருக்களிக்கச் சொன்னாள் அஸ்மத். துள்ளல் உடனே வலுத்தது. பத்து விநாடி ஆகியிருக்கும். டாக்டரின் முகத்தில் அதுவரை இருந்த களைப்பு போய்விட்டது.

“சிஸ்டர், ஈ.சி.ஜி.! இப்பவே. மானிட்டர் கொண்டாங்க. மேல கார்டியாலஜிக்குப் போன் போடுங்க.”

ஈ.சி.ஜி. தாள் நீளமாக வெளியே வந்தது. ஹம்சினி அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தாள். பிறகு அஸ்மத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரே இடைவெளியில் குச்சி குச்சியாகக் கோடுகள் விழுந்திருந்தன.

“இது பேஸ்மேக்கர் குடுக்கிற துடிப்பு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இதயம் ஒருதரம் அடிக்கணும். அடிக்கல பாருங்க. இதயம் தன் பாட்டுக்கு மெதுவா அடிச்சிட்டிருக்கு, நடுவுல நின்னும் போகுது. உள்ள இருக்கிற கம்பி இடம் மாறிடுச்சு. வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிற தசையைப் போய்த் தட்டுது. அதைத்தான் நீங்க விக்கல்னு...” அவள் நிறுத்தி, தானே திருத்திக்கொண்டாள். “நான் விக்கல்னு நினைச்சேன். நீங்க நினைக்கல. திங்கக்கிழமை வரைக்கும் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய டாக்டர் வீட்டிலிருந்து வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை வழியாகத் தற்காலிகமாக ஒரு கம்பியை விட்டு இதயத்தை ஓடவைத்துக்கொண்டு, பழைய தையலைத் திறந்து, நகர்ந்த கம்பியைச் சரியான இடத்தில் பதிக்கவேண்டும் என்றார். சட்டை கழற்ற வந்த நர்ஸ் அந்த அழுத்துப் பட்டன் வைத்த பனியனைக் கண்டு, “யாருங்க இதைத் தச்சது? எல்லாப் பேஷண்ட்டுக்கும் இப்படிக் குடுக்கலாமே” என்றாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, “எங்க வீட்டுல” என்றார் ஷரஃபுதீன்.

சம்மதப் பத்திரத்தோடு நர்ஸ் வெளியே வந்தபோது, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஜஹீதா ஓடிவந்துகொண்டிருந்தாள். துப்பட்டா தோளிலிருந்து சரிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு அறுந்து இழுபட்டது.

“அத்தா எங்க? என்ன ஆச்சு அத்தாவுக்கு?”

“நீங்க பேஷண்ட்டுக்கு மகளா?” என்றாள் நர்ஸ். “நல்லதாப் போச்சு. ரத்த சம்பந்தம் யாராவது போட்டா நல்லது. இங்க ஒரு கையெழுத்து.”

பேனாவை வாங்கிக்கொண்டாள் ஜஹீதா. பத்திரத்தைப் படித்தாள். ‘உயிருக்கு ஆபத்து நேரலாம்’ என்ற வரியில் அவள் கண் நின்றது. அஸ்மத் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தாள்; எப்போதும் அவளுக்கு அது பழக்கம், கடையிலும் மற்றவர்கள் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நிற்கிறவள்தான். ஜஹீதா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் வியர்வையும் கண்ணீரும் காய்ந்து தடமாக இருந்தன. ஹூக் தைத்த நூல்கூட ஒன்று முந்தானையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அவங்ககிட்ட குடுங்க சிஸ்டர்” என்றாள் ஜஹீதா. “வீட்டுக்காரம்மா அவங்கதான். அத்தாவை இங்க கொண்டுவந்து சேர்த்ததும் அவங்கதான்.”

அஸ்மத் பத்திரத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ‘அஸ்மத்துன்னிசா’ என்ற பெயர் கோட்டைத் தாண்டிப் போயிற்று. உறவுமுறை என்ற இடத்தில் ஒருகணம் யோசித்து, ‘மனைவி’ என்று எழுதினாள். அந்த வார்த்தையைத் தன் கையால் அவள் எழுதியது அதுதான் முதல் தடவை.

உள்ளே இரண்டரை மணி நேரம் ஆனது. இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அஸ்ர் தொழுகை நேரம் போய், பொழுது சாய்ந்து மஃரிப் நேரம் வந்தது. ஜஹீதா போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

“நேத்து போன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நீ சொன்னதேதான் எனக்கும் தோணிச்சும்மா. முப்பது வருஷம் பாத்தவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு.”

“அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது. அத்தா எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாரு. ஒரு தடவை டைபாய்டோட ஒரு வாரம் கடைக்குப் போயிட்டிருந்தாரு.”

“அப்புறம் அவங்க எப்படித்தான் கண்டுபிடிப்பாங்க?” அஸ்மத் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

ஜஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. “சோத்துல உப்பு கம்மின்னு குத்தம் சொல்லலைன்னா அன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்னு அம்மா சொல்லும்.”

“எங்கிட்ட ஒரு நாளும் குத்தம் சொன்னதில்லையே?”

“உங்ககிட்ட பயம் போல.”

இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறே முக்காலுக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். கம்பி சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது, இதயம் நன்றாக எடுத்துக்கொள்கிறது, இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்த்துவிட்டு வார்டுக்கு மாற்றலாம் என்றார். “வயித்தையும் நாடியையும் சேர்த்து எண்ணினது யாரு?” என்று கேட்டார். ஜஹீதா அஸ்மத்தின் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினாள். டாக்டர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அஸ்மத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அவர் போன பிறகு வெறும் வராந்தாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. “நீ போம்மா, மகள் முகத்தைப் பாத்தா தெம்பு வரும்” என்றாள் அஸ்மத். ஜஹீதா போய்விட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவந்தாள். “உங்களத்தான் கேக்கறாரு. சாப்பிட்டீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு. இன்னும் சாப்பிடலைன்னு சொல்லிட்டேன். அதுக்குக் கோவிச்சுக்கறாரு.”

அஸ்மத் உள்ளே போனபோது அவர் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. மானிட்டரில் எழுபது என்ற எண் நிலையாக நின்றது. அவள் போர்வைக்குள் கையை விட்டு விலாவுக்குக் கீழே வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மூச்சு ஏறி இறங்குவது மட்டும்தான். கையை அங்கேயே வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் நர்ஸ் இருப்பதைப் பற்றிக் கூச்சப்படவில்லை.

“அந்தச் சந்தனக் கலர் ஜாக்கெட்டு எப்ப குடுக்கணும்?” என்றார் அவர் கண்ணை மூடியபடி.

“அதெல்லாம் அவங்க பொறுத்துப்பாங்க. தூங்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது இருவரும் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்லி யார் யாரை வற்புறுத்தியும் நடக்கவில்லை. விடியற்காலையில் ஜஹீதா உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், மெல்லச் சரிந்து அஸ்மத்தின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். சின்னக் குழந்தைபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தத் தோள் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் அஸ்மத் அசையவில்லை.

ஐ.சி.யூ. கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அம்மா, உங்க வீட்டுக்காரர் முழிச்சிட்டாரு. உங்களக் கூப்பிடறாரு.”

அஸ்மத் உதட்டில் விரலை வைத்து, தோளில் இருந்த தலையைக் கண்ணால் காட்டினாள்.

“நல்லாத்தானே இருக்காரு?” என்றாள் மெதுவாக.

“நல்லா இருக்காரு. இட்லி கேக்கறாரு.”

“அப்ப கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க சிஸ்டர். பொண்ணு இப்பத்தான் கண்ணு அசந்திருக்கா.”